கிளட்ச் இல்லாத கல்யாண வண்டி

சூலூர்
9.2.1996

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த டெட்ராய்ட் பனியில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாரியம்மனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாய், அங்கப்பன் மகள்தானே, வலித்தாலும் வாயைத் திறக்க மாட்டாய். கொடுத்தனுப்பிய சுக்குப் பொடி தீர்ந்திருந்தால் எழுது. இங்கே காலையில் பனி, மத்தியானம் வெயில் சுடுகிறது. பக்கத்து வீட்டு மாசாணியம்மாள் இன்னும் இரண்டு தறி போட்டுவிட்டாள், பகலில் நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை.

நீங்கள் கப்பலில் அனுப்பிய, கிளட்ச் வேண்டாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்ன ஆயிற்று என்று விவரமாக எழுதச் சொன்னாய். உன் அப்பா இத்தனை வருஷம் கல்யாண ஊர்வலம் ஓட்டித்தான் இடது முழங்கால் மூட்டைத் தேய்த்துக்கொண்டார் என்பது உனக்குத் தெரியும். மேளக்காரர் நடக்கிற வேகத்துக்கு அவ்வளவு பெரிய செவர்லேயை நகர்த்த வேண்டுமானால், கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே இருக்க வேண்டும். இனி கிளட்ச் மிதித்தால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வண்டி ஷெட்டிலும் இவர் கட்டிலிலுமாகக் கிடந்தார்கள். ஓட்டல் பாலுசாமி வேறு, வண்டியைத் தன் ஓட்டல் வாசலில் பூந்தொட்டிகளுக்கு நடுவில் அழகுக்கு நிறுத்தி வைக்கக் கேட்டு வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். கடைசியில் உன் அப்பா, தை மாசம் கோபியில நடக்கிற கல்யாணத்தைப் புது கியர்பாக்ஸில் ஓட்டிப் பார்க்கிறேன், முடியாவிட்டால் வந்து எடுத்துட்டுப் போயிருங்க என்று வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வண்டி போவது பெரிதில்லை கண்ணு, அது போய்விட்டால் இந்த மனுஷன் அப்புறம் எதற்காகக் காலையில் எழுந்திருப்பார் என்றுதான் பயந்தேன்.

உக்கடத்து மெக்கானிக் நிஜாம் பாய் தன் ஷெட்டில் வைத்து மாதக்கணக்கில் வேலை பார்த்தார். உங்கள் கியர்பாக்ஸ் பழையதைவிட நீளம், அதனால் அடியில் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளி வைத்து, பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து, லேத்தில் கொடுத்து ஆட்டமில்லாமல் ஓடும்படி செய்தார். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறதாம், அது கொஞ்சம் தளர்ந்தாலும் உள்ளே தட்டுகள் கருகிப்போகுமாம், அதை மட்டும் மூன்று முறை கழற்றி மாட்டினார். எல்லாம் சரியாகத்தான் வந்தது. கியரை டிரைவில் போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், ஆக்ஸிலேட்டரே வேண்டாம், வண்டி தானாக ஊர்கிறது, மேளக்காரர் நடைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் பிரேக் பெடல் அகலமாக இருக்க வேண்டும் என்று நீ அனுப்பிய புத்தகத்தில் படம் பார்த்து, அதையும் பெரிதாக வெல்டிங் வைத்தார். வினை அங்கேதான் வந்தது. வண்டியை நிறுத்த வேண்டிய போதெல்லாம் உன் அப்பாவின் இடது கால் பழக்கத்தில் கிளட்ச்சைத் தேடிப் போய் அந்த அகலப் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறது. முதல் நாள் நிஜாம் பாய் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பின்சீட்டு மேலே உட்கார்ந்து வந்தார், ஒரே மிதியில் முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தார். மிதித்த வலியில் இவர் ஐயோ என்கிறார், விழுந்த வலியில் அவர் அல்லா என்கிறார். காலைச் சீட்டோடு ஒரு துணியால் கட்டிப் பார்க்கலாமுங்களா என்று பாய் கேட்டதற்கு, கட்டிப்போடறதுக்கு நான் என்ன மாடா என்று உன் அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

கல்யாணத்துக்கு முன்தினம் கோபிக்குப் புறப்படும்போது நான் கேட்கவில்லை கொள்ளவில்லை, ஒரு பையை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கல்யாண வண்டில டிரைவர் பொண்டாட்டி முன்னால உக்காந்து வந்தா ஊரே சிரிக்கும் புள்ள, எறங்கு என்றார். சிரிக்கட்டுமுங்க, மாப்பிள்ளை கீழே உழுந்தா அழுவாங்க, அதுக்கு இது தேவலை என்றேன். அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. மேலே திறந்த வண்டி, பின்னால் தலைப்பாகையோடு மாப்பிள்ளை, முன்னால் ஒரு முழம் தள்ளி நாதஸ்வரக்காரரின் குதிகால். நான் வலது கையை உன் அப்பாவின் இடது முட்டியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். மேளம் நிற்கும்போதெல்லாம் அந்தக் கால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது, நான் விடவில்லை. தெரு முழுக்கப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், எல்லோர் கண்ணும் என் கையில்தான். ஒரு அம்மாள், ஏனுங்க, கல்யாணம் பின்சீட்டுக்குங்களா முன்சீட்டுக்குங்களா என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, உன் அப்பாவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் மண்டப வாசல் வரைக்கும் மாப்பிள்ளையின் தலைப்பாகை அசையவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து சாப்பிடும்போதே பங்குனிக்கும் சித்திரைக்கும் ஆட்கள் வந்து வண்டியைக் கேட்டுவிட்டார்கள். பாலுசாமி வந்தால் வேறே ஏதாச்சும் வாங்கி வெச்சுக்கச் சொல்லு என்று உன் அப்பா என்னிடம் சொன்னார். ஊர் திரும்பும்போது அவிநாசி தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறி வேகம் பிடித்ததும், நீ சொன்ன அந்த நாலாவது கியர், ஓவர்டிரைவ், தானாக விழுந்தது. எஞ்சின் இரைச்சல் அப்படியே அடங்கிப்போய் வண்டி சும்மா மிதக்கிறது. காலும் துள்ளாமல் அமைதியாகத்தான் இருந்தது, அதனால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும், ரோட்டைப் பார்த்தபடியே, ஏம் புள்ள கைய எடுத்துப்போட்ட என்றார். கால்தான் சும்மா இருக்குதுங்களே என்றேன். அதுக்கென்ன, வெச்சுக்க என்றார். சூலூர் வரைக்கும் வைத்துக்கொண்டு வந்தேன். பழைய கியர்பாக்ஸாக இருந்தால் அவர் சொன்னது அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்டே இருக்காது அம்மணி.

பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு, மாப்பிள்ளையையும் அப்படியே ஓட்டச் சொல். மாரியம்மன் துணையால் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் கியர்பாக்ஸைப் பற்றி மட்டும் கேள். கையைப் பற்றி நான் எழுதியது தெரிந்தால் பங்குனிக் கல்யாணத்துக்கு என்னை வண்டியில் ஏற்ற மாட்டார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
பொற்கொடி