இன்று நான் மாடி ஏறுவதாக இல்லை

தையல்காரம்மா,

உன்னை எழுப்பவில்லை. எழுப்பினால், "வாங்கின உதவித்தொகையைத் திருப்பிக் கட்டித் தொலைச்சுட்டு நிம்மதியா இருங்க" என்று நேற்று விட்ட இடத்தில் ஆரம்பிப்பாய்.

மேல்முறையீட்டு விசாரணைக்குக் கிளம்பிவிட்டேன். போன தடவை லிஃப்ட் ஓடாமல், காவலாளியும் டீக்கடைக்காரரும் என்னைச் சக்கர நாற்காலியோடு மூன்று மாடி தூக்கிப் போனார்கள். எந்த மகாராஜாவுக்கும் அந்த ஊர்வலம் கிடைத்திருக்காது. அதிகாரியோ, "மனுதாரர் மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டார், எனவே ஊனமில்லை; வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்டவும்" என்று எழுதிவிட்டார்.

இன்றும் லிஃப்ட் ஓடாதாம். சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. மாடிப்படிக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு, "ஐயா, இன்னைக்கு நீங்க இறங்கி வாங்க" என்று சொல்லி அனுப்பப்போகிறேன். கட்டடமே கூடி வேடிக்கை பார்க்கும். காவலாளி சாட்சி சொல்கிறார். அவருக்கு இடுப்பு இன்னும் நிமிரவில்லையாம்.

சாதம் வடித்துவிட்டேன். குழம்பைச் சூடாக்கிக்கொள். எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிடு.

பி.கு.: தையல் மெஷினை விற்றுக் கட்டலாம் என்று நேற்று நீ முணுமுணுத்தது என் காதில் விழவே இல்லை.

இன்னொன்று: மெஷின் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஜெயித்து வந்துதான் தருவேன். அதுவரை நிம்மதியாகத் தூங்கு.