ஒன்பதாம் பாட்டில்

ஏப்ரல் 7, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். பஸ் பாஸ் புதுப்பிக்க வேண்டும். சுற்றுச்சூழல் எம்.எஸ்சி. விருப்பப் படிவம் வந்துவிட்டது: ஆய்வேடு, அல்லது அதற்குப் பதில் இரண்டு தாள். வெள்ளிக்குள் டிக் போட வேண்டும்.

வழிகாட்டி மேடம் ஆய்வகத்தில் கிணற்றுத் தண்ணீர் முடிவுகளை நீட்டினார். "ஒன்பது கிணத்துல எட்டு குடிக்க லாயக்கில்ல. ஒன்பதாவது மட்டும் எப்படி இம்புட்டு சுத்தம்? இதான் ஒன் தீசிஸ்."

ஒன்பதாவது எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர்.

போன மாதம் எரியோடு ஊரில் எட்டு கிணற்றுத் தண்ணீர் எடுத்து முடித்தபோது மணி மூன்று. நோன்பு. தலைசுற்றல். கடைசிக் கிணற்றுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடை. திண்டுக்கல் திரும்பி ஒன்பதாம் பாட்டிலை எங்கள் அடுப்படியில் நிரப்பினேன். ஒரு சொட்டுக் குடிக்காமல் நோன்பைக் காத்தவள், அதே தண்ணீரில் பொய்யைப் பிடித்து வைத்தேன்.

ஏப்ரல் 8, புதன்

ஆய்வேடு வேண்டாம் என்று மேடத்திடம் சொன்னேன். காரணம் கேட்டார். "வீட்ல கல்யாணம் பேசுறாங்க, மேடம்." உடனே நம்பினார். முஸ்லிம் வீடு என்றால் அப்படித்தான் என்று நினைப்பார், தெரிந்துதான் சொன்னேன்.

சாயங்காலம் அத்தா செருப்புக் கடையிலிருந்து வந்ததும்: "ஏம்மா, தீசிஸ்னா புத்தகமா பைண்டு பண்ணித் தருவாங்களாமே? ஒண்ணக் கடையில வைக்கப் போறேன். வாரவன்லாம் பாக்கட்டும்."



ஏப்ரல் 9, வியாழன்

அம்மாவுக்கு மாத்திரை. நூலகப் புத்தகம் இரண்டு, கெடு தாண்டியது.

ஒன்பதாம் கிணற்றுக்காரர் பாப்பாத்தி அக்கா போனில். மேடம் அவரிடம் நல்ல சேதி சொல்லிவிட்டார்.

"கேன் தண்ணிய நிப்பாட்டிட்டோம் பாப்பா. நீ எப்ப வந்து எடுத்த? ஆளையே பாக்கலையே. ஒரு வாய் மோர் குடுத்திருப்பேன்ல."

"அவசரமாப் போயிட்டேங்க்கா."

இதோடு மூன்று பொய். போனில் பின்னால் ஒரு குழந்தை அழுதது.

ஏப்ரல் 10, வெள்ளி

கடைசி நாள். கல்லூரிக்குப் போகவில்லை. எரியோடு பஸ். அந்த இரண்டு கிலோமீட்டர்.

அக்கா சொம்பை நீட்டினார். "இந்தா, நீ பாஸ் போட்ட தண்ணி. குடி."

கையில் வாங்கினேன். "அக்கா, இந்தக் கிணத்துக்கு நான் இப்பத்தான் வாரேன். அது எங்க வீட்டுத் தண்ணி."

புரியச் செத்த நேரம் ஆனது. சொம்பைத் திரும்ப வாங்கிக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். வீட்டுக்குள்ளே பார்த்து, "பிள்ளைக்கு அதக் குடுக்காத" என்றார். பிறகு என்னிடம், மெதுவாக: "நாலு நாளாக் குடிக்குது."

வாளியை அவரே இறைத்தார். பாட்டிலை நிரப்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஆய்வகம். பாட்டிலை வைத்துவிட்டு, வீட்டுக் குழாயில் பிடித்ததைச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்பதையும் மறுபடி எடுக்கணும். நான் கூட வருவேன்."

ஆய்வேட்டுக்கு டிக் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார்.

"வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.