ஈரக் கை

நவம்பர் 20, வியாழன்

பொழுது சாய்வதற்குள் வருகிறேன் என்று கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் இன்னும் கரை திரும்பவில்லை. போன் அடித்தால் ரிங் முழுசாகப் போகிறது. எடுக்கவில்லை.

முன்பெல்லாம் பழைய பட்டன் போனைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்துப் போவார். கவருக்கு மேலேயே அமுக்கிப் பேசுவார். இப்போது மகள் வாங்கித் தந்த புது டச் போனுக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாதாம். ஆகவும் இல்லை. நேற்றுதான் புலம்பினார்: "தண்ணில கெடலன்னா போதுமா? கை ஈரமா இருந்தா எவ்ளோ தேச்சாலும் எடுக்க மாட்டேங்குது." நான் சிரித்தேன்.

பக்கத்துப் படகு தேசப்பன் இருட்டுவதற்குள் கரையேறிவிட்டார். "அண்ணன் வலை இஸ்துகினு கீறாரு, வந்துடுவாரு அண்ணி" என்றார். காற்று அதற்குப் பிறகுதான் எழுந்தது.

கை ஈரமாகத்தான் இருக்கும். கைலியில் துடைத்தால் அதுவும் ஈரம்.

இன்னொரு தடவை அடிக்கப் பயமாக இருக்கிறது. இதுவரை ரிங்காவது போகிறது.