சோக் பெட்டி மூடு

ஆர்.கே.பேட்டை,
8.9.2025

என் வீட்டுக்காரருக்கு பிரேமா எழுதுவது.

இங்கே தம்பி பங்காரு, அவன் பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்துக்கு எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் "ஆங், ஆங், தெரியும், நான் சொல்றத கேளு" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். காகிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. நூல் வண்டி ஓட்டும் ஷாருக் தினமும் திருத்தணி போய் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த பங்காருவிடம் நம் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்து என்ன சொன்னீர்கள்? "தறிக்கொட்டாய் மேல சாஞ்ச மரத்த அறுக்க வெளி ஆளு எதுக்குடா? அக்கா புருஷன், பாவா நான் இருக்கறேன். மெஷின் ரம்பத்துக்கு சாமான் வருது. நானே வீட்ல மாட்டி எடுத்தாறேன்." பாயசம் குடித்துக்கொண்டே சொன்னீர்கள். அன்றைக்கு உங்களிடம் ரம்பமும் இல்லை, சாமானும் இல்லை. செல்போனில் ஒரு படம்தான் இருந்தது.

இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தேன். மரத்தைப் பார்த்த பிறகு கிளம்ப மனம் வரவில்லை. அந்தத் தூங்குமூஞ்சி மரத்தின் வேர் ஒரு பக்கம் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கிறது. கீழே தறியில் தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய சேலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கொட்டகையை ஒட்டின அறையில்தான் பிள்ளைகள் படுக்கிறார்கள்.

ஊரிலேயே மரம் அறுக்கிற ஆள் இருக்கிறார். கூப்பிடேன்டா என்றால் பங்காரு கேட்பதில்லை. "பாவா ஒரு வார்த்த சொல்லிக்கிறாருக்கா. நாம பாட்டுக்கு வெளி ஆள இட்டாந்தா அவரு மூஞ்ச எங்க வெச்சிக்குவாரு?" என்கிறான். நான் சொன்னால் அக்கா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைப்பான். ஆகவே ஒன்று நீங்கள் வாருங்கள். இல்லாவிட்டால், "வெளி ஆளை வைத்து அறுத்துக்கொள், எனக்கு வருத்தமில்லை" என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். நான் கேட்பது அந்த ஒரு வரிதான்.

இப்படிக்கு,
பொறுமையுடன்,
பிரேமா


திருத்தணி,
11.9.2025

அன்புள்ள பிரேமாவுக்கு,

நான் நலம். நீ வைத்துவிட்டுப் போன மாவு புளிக்கும்வரை இட்லி, புளித்த பிறகு தோசை. இப்போது மலையடிவாரத்து மெஸ்ஸில் சாப்பாடு.

சாமான் பெட்டி வந்துவிட்டது! இத்தனை உதிரியும் ஒரு மெஷினுக்குள் போகுமா என்று மலைத்துவிட்டேன். சிலிண்டர், பிஸ்டன், கார்புரேட்டர், செயின், பிளேடு எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. ஆனால் ஸ்க்ரூ அத்தனையையும் ஒரே பையில் கொட்டிக் கட்டியிருக்கிறான் பாவி. எது எங்கே என்று ஒரு எழுத்து இல்லை. குறிப்புப் புத்தகம் சீன மொழியில் இருக்கிறது. படத்தைப் பார்க்கலாம் என்றால் பூதக்கண்ணாடி வேண்டும்.

கடையில் வியாபாரம் மந்தமான நேரத்தில் அங்கேயே வைத்து மாட்டினேன். பிஸ்டனில் சின்னதாக ஒரு கம்பி வளையம் போட வேண்டும். குறடால் அமுக்கும்போது துள்ளிப் பறந்துவிட்டது. தேங்காய் மூட்டை, கற்பூர டப்பா, மாலைக் கூடை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேடினேன். மறுநாள் கனகம்மாசத்திரத்துப் பக்தர் ஒருவர் திரும்பி வந்தார். "உங்க கடை விபூதிப் பொட்டலத்துல இது இருந்துச்சுங்க. சாமி மோதிரமாங்க?" என்று கேட்டார். சாமி மோதிரம் இல்லை ஐயா என்று நம்பவைத்து வாங்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பதிலுக்கு ஒரு செப்புக் காப்பு கொடுத்தனுப்பினேன்.

நீ கேட்ட வரியைப் பற்றி: எடுத்த வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்குக் கிடையாது. வருகிற 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு வருகிறேன். பங்காருவிடம் சொல்.

ராத்திரியில் வீட்டில் வைத்தும் மாட்டுகிறேன். சமையல் மேடையில் கொஞ்சம் கிரீஸ் இருக்கும். கோபப்படாதே.

உன்,
பக்தவச்சலம்


ஆர்.கே.பேட்டை,
22.9.2025

வீட்டுக்காரருக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பஸ் வந்தது. உங்களைத் தவிர எல்லோரும் இறங்கினார்கள்.

பங்காரு வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் போய் நின்றான். மெஷினை வைத்துக் கட்டுவதற்குக் கயிறுகூடக் கொண்டுபோனான். வெயில் ஏறின பிறகு வெறும் கயிற்றோடு வந்து, "கடையில கூட்டமா இருக்கும்க்கா. பாவா எப்டி வருவாரு பாவம்?" என்றான். நீங்கள் சொல்ல வேண்டிய பொய்யையும் அவனே சொல்கிறான். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மரம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மூங்கில் வெட்டி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் படுக்க அனுப்புகிறோம். பெரியவர்கள் நாங்கள் காற்றடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறோம்.

இதற்கு நடுவில் என் சமையல் மேடையில் கிரீஸ்! எதில் துடைத்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். கொடியில் காய்ந்த பச்சை ரவிக்கை அங்கேயே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.

பூஜைச் சாமான் விற்கிறவருக்கு மரம் அறுக்கிற மெஷின் கட்டத் தெரியவில்லை என்றால் யார் சிரிக்கப் போகிறார்கள்? அந்த ஒரு வரியை எழுதிக் கொடுங்கள். உங்கள் கௌரவம் என்ன பிள்ளைகளின் தலைக்குமேலா தொங்க வேண்டும்?

பொறுமை தீர்ந்துகொண்டிருக்கும்,
பிரேமா


திருத்தணி,
25.9.2025

அன்புள்ள பிரேமா,

திட்டு. திட்டுவதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. (ரவிக்கை கொடியில் இல்லை.)

மெஷின் முழுசாக மாட்டியாகிவிட்டது. பார்ப்பதற்குக் கம்பெனி மெஷின் தோற்றுப்போகும். இரண்டு ஸ்க்ரூ மிச்சம். அவை உபரியாகக் கொடுத்தவையாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரே குறை, ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் ஊறிக்கிடக்கிறது. புத்தூரில் ரம்பக் கடை வைத்திருப்பவரின் நம்பர் கிடைத்தது. போன் செய்தேன். நல்ல மனுஷர், தெலுங்குக்காரர். எனக்காகத் தமிழிலேயே மரியாதையாகச் சொன்னார்: "சோக் பெட்டி மூடு சார், லாகு!" லாகு என்றால் இழு, அது எனக்குத் தெரியும். மேலே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் புரிந்துவிட்டதே என்று வைத்துவிட்டேன்.

அதன்படி சோக்கை மூடி, அதன்மேல் இருக்கிற ஃபில்டர் பெட்டியையும் இறுக்கி மூடி, இழுக்கிறேன், இழுக்கிறேன், இழுத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு முனகல் இல்லை. பெட்டி இன்னும் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. ரப்பர் வாங்கி அடைக்கப் போகிறேன்.

இவ்வளவு தூரம் வந்தபிறகு அந்த வரியை எழுதச் சொல்கிறாயே!

உன்,
பக்தவச்சலம்


ஆர்.கே.பேட்டை,
28.9.2025

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அந்த மனுஷர் தமிழ் பேசவே இல்லை. அவர் சொன்னது முழுக்கத் தெலுங்கு. "சோக் பெட்டி" என்றால் சோக்கைப் போட்டு. "மூடு சார்லு லாகு" என்றால் மூன்று தடவை இழு. அவர் உங்களை சார் என்று கூப்பிடவும் இல்லை, எதையும் மூடச் சொல்லவும் இல்லை. சோக்கைப் போட்டு மூன்று தடவை இழுத்துவிட்டு, பிறகு சோக்கை எடுத்துவிட வேண்டும். அதைத்தான் மேலே சொல்லிக்கொண்டிருந்திருப்பார். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

கடைக்கு வருகிற தெலுங்கு ஜனங்களிடம் தேங்காய் எத்தனை என்று கேட்டு, அவர்கள் "மூடு" என்றால் மூன்று எடுத்துக் கொடுக்கத் தெரிகிறது. மெஷினைக் கையில் எடுத்ததும் காது அடைத்துக்கொள்கிறதா? வீட்டில் தெலுங்குக்காரி ஒருத்தியோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறீர்கள். சாயங்காலம் ஒரு போன் போட்டு, "பிரேமா, இவன் என்ன சொல்றான்?" என்று கேட்டிருக்கலாமே. அப்படிக் கேட்க வேண்டும் என்றே உங்களுக்குத் தோன்றவில்லை. மரத்தைப் பற்றி வாக்குக் கொடுக்கும்போதும் தோன்றவில்லை. நானும் அதே பந்தியில்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

மெஷின் ஓடட்டும், ஓடாமல் போகட்டும். அந்த வரியை எழுதுங்கள்.

பிரேமா


திருத்தணி,
3.10.2025

அன்புள்ள பிரேமா,

ஓடிவிட்டது! ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்து, நீ சொன்னபடி மூன்று இழு இழுத்து, சோக்கை எடுத்துவிட்டு, மறுபடி ஒரு இழு. தெருவே கூடிவிட்டது. எதிர்க்கடைப் பூக்காரம்மா, "இன்னாங்க, மலைக்கே கேக்கும் போலக்கீதே!" என்று காதைப் பொத்திக்கொண்டார். மூடு விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி.

அறுப்பதில்தான் கொஞ்சம் சிணுங்குகிறது. ஒரு கட்டையில் வைத்துப் பார்த்தேன். புகை வருகிறது, கட்டை கருகுகிறது, உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. செயின் புதுசு, பழக வேண்டும். தீபாவளிக்குள் கட்டாயம் வந்துவிடுவேன்.

ஓடுகிற மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு வெளி ஆளைக் கூப்பிடு என்று எப்படி எழுதுவேன், நீயே சொல்.

உன்,
பக்தவச்சலம்


ஆர்.கே.பேட்டை,
13.10.2025

வீட்டுக்காரருக்கு,

வெள்ளிக்கிழமை மழையில் பெரிய கிளை ஒன்று முறிந்து, அறையின் கூரை ஷீட்டைப் பிளந்துகொண்டு பிள்ளைகள் படுக்கிற இடத்தில் விழுந்தது. பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இருந்தார்கள்.

அப்போதும் பங்காரு, "பாவா தீபாவளிக்குள்ள வந்துர்றேன்னு சொல்லிக்கிறாரே" என்றான். அதற்குமேல் நான் காத்திருக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து உங்கள் எழுத்தைப் போலவே சாய்த்து ஒரு கடிதம் எழுதினேன். கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டேன். ஷாருக் கொண்டுவந்ததாகச் சொல்லி மறுநாள் அவன் கையில் கொடுத்தேன். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே, இதுதான்:

"பங்காரு, பாவா எழுதுவது. இலை முன்னால் பெருமைக்குச் சொன்ன வார்த்தையை நீ இத்தனை நாள் காப்பாற்றினாய். போதும். இந்த மெஷின் எனக்கு வரவில்லை. உடனே ஆளைக் கூப்பிட்டு மரத்தை அறுத்துக்கொள். உன் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவதைவிட என் வார்த்தை பெரிசில்லை. உன் அக்கா ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொன்னாள். நான்தான் அவள் பேச்சைக் கேட்கவில்லை."

ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து, கயிறு கட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் மரத்தை இறக்கிவிட்டார். தறிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பங்காரு அந்தக் கடிதத்தை வாய்விட்டு வாசித்தான். வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாத்தியாக்கா பாவா மனச! நீதான் சும்மா அவர திட்டிகினே இருக்க" என்று என்னைக் கோபித்துக்கொண்டான். கடைசி வரியை அவன் படித்தபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. எழுதினவள் நான். நானே எழுதி நானே அழுகிறேன் என்றால், அந்த வரியை உங்களிடமிருந்து கேட்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று பாருங்கள். மரத்தைவிட எனக்கு ஆத்திரம் அதில்தான்.

கடிதத்தை அவன் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறான். நீங்கள் எழுதவில்லை என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். நான் எப்போது வருவேன் என்று கேட்டு எழுதவும் வேண்டாம். அந்தக் கடிதத்தை எழுதின மனுஷர் வந்து கூப்பிட்டால் வருவேன். மெஷின் கட்டுகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

பிரேமா


திருத்தணி,
16.10.2025

பிரேமாவுக்கு,

என் பெயரில் நீ எழுதியதைப் படித்ததும் முதலில் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கன்னாபின்னாவென்று எழுதி, ஷாருக்கிடம் கொடுக்கப் போய், கிழித்துப் போட்டுவிட்டேன். அந்தக் கிளை விழுந்த இடம்தான் கண்முன்னால் வந்தது.

செயினைத் திருப்பி மாட்டியிருந்தேன். பற்களெல்லாம் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. மாற்றிப் போட்டதும் கட்டை வெண்ணெயாக அறுபடுகிறது. பெருமைக்காக இதை எழுதவில்லை. "இந்த மெஷின் எனக்கு வரவில்லை" என்று நீ எழுதிய வரியை நான் எழுதியிருக்க மாட்டேன், அவ்வளவுதான். மற்ற வரிகளை நான் எழுதியிருக்க வேண்டும். நீ இத்தனை முறை கேட்டும் எழுதவில்லை. ஒரு வரி எழுத எனக்கு என்ன கேடு வந்ததோ தெரியவில்லை.

கடைசி வரியைக் கடையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். "நான்தான் அவள் பேச்சைக் கேட்கவில்லை." என் குரலில் சொல்வதற்கு முதலில் கூச்சமாக இருந்தது. இன்னொரு தடவை படித்தேன். அது உண்மைதான் பிரேமா.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கையில் மெஷின் இருக்காது. ஷீட்டை மாற்ற பங்காருவோடு மேலே ஏறுகிறேன், அவன் சொல்கிறபடி செய்கிறேன். மேடையில் கிரீஸ் இன்னும் போகவில்லை. அதற்கு எதைப் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று சொல்.

ஒரு உதவி மட்டும் செய். பங்காரு குளிக்கப் போகிற நேரம் பார்த்து அந்தக் கடிதத்தை எடுத்து என் கையில் கொடு. நீ போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் நானே என் கையெழுத்தைப் போட வேண்டும்.

இப்படிக்கு,
பக்தவச்சலம்