உன்னைக் கேட்காமல் சொன்னது

இன்று காலை கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளி விவாதப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். நேரம் பார்க்கிற பிள்ளை மேசை மணியைத் தட்டினாள். டிங். முதல் நிமிடம் முடிந்தது, இனி எதிர் அணி குறுக்கே எழுந்து கேள்வி கேட்கலாம் என்பதற்கான மணி. அவ்வளவுதான். இருபத்தேழு வயதில், கையில் மதிப்பெண் தாளோடு, மறுபடியும் பதினோராம் வகுப்புப் பெண்ணாகிவிட்டேன். இதை உன் ஒருத்தியிடம்தான் சொல்ல முடியும். நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அப்போது நமக்கு விவாதம் என்றால் பட்டிமன்றம்தான். நடுவருக்கு வணக்கம், அவைக்கு வணக்கம், விட்டால் மைக் செட்காரருக்கும் ஒரு வணக்கம். தமிழம்மா கொடுத்த ஜெராக்ஸ் தாளில் வேறு உலகம் இருந்தது. தலைப்புக்குத் தீர்மானம் என்று பெயர். முன்மொழிகிற அணி ஒன்று, எதிர்க்கிற அணி ஒன்று; அணிக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஆறு நிமிடம். எந்தப் பக்கம் பேசுவது என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்வார்கள். முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் யாரும் குறுக்கிடக் கூடாது. நடுவே எழுந்து கேட்கலாம். பேசுகிறவர் கேள்வியை ஏற்கலாம், அல்லது கையமர்த்தி உட்கார வைக்கலாம். நீயும் நானும் ஒரே அணி. சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தோம். "இன்னாடி இது, சண்ட போடறதுக்கு இவ்ளோ சட்டமா? எங்கம்மா இதெல்லாம் படிக்காமலே தெனம் ஜெயிச்சிக்கினு இருக்குது" என்றாய்.

முதல் சுற்றில் நீ பேசிக்கொண்டிருக்கும்போது எதிர் அணிப் பையன் எழுந்தான். நீ சட்டென்று உட்கார்ந்துவிட்டாய். அரங்கமே சிரித்தது. "எழுந்திருடி" என்று உன் கையைக் கிள்ளினேன். வெள்ளிமலைக்கு மேலே உங்கள் ஊரில், கூட்டத்தில் ஒருவர் எழுந்தால் பேசிக்கொண்டிருப்பவர் உட்கார்ந்து வழிவிடுவதுதான் வழக்கமாம். "ஒருத்தர் நிக்கும்போது நான் பாட்டுக்குப் பேசிக்கினு இருந்தா அது மரியாதையா?" என்று கேட்டாய். அந்தச் சுற்று போனது. இன்னொன்றும் போனால் வெளியே. நான் உன்மேல் எரிந்து விழுந்தேன்.

இரண்டாம் சுற்றின் தீர்மானம், மலையில் இருக்கிற சின்னப் பள்ளிகளை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கீழே விடுதியில் சேர்க்க வேண்டும் என்பது. காசு விழுந்தது. முன்மொழிய வேண்டியது நாம். உன் முகம் செத்துப்போனது.

"எங்க ஊரு பள்ளிக்கூடத்த மூடுன்னு நானே பேசணுமா?"

"உன் மனசுல இருக்கிறதையா கேக்கறாங்க? இந்தப் பக்கத்தப் பேசுன்றாங்க. தாள்ல படிச்சல்ல?"

நீ தாளை மடித்துப் பைக்குள் வைத்தாய்.

முதல் பேச்சாளர் நான். மூன்றாம் நிமிடத்திலேயே சரக்கு தீர்ந்துவிட்டது. நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் அதை எடுத்தேன். மலையிலிருந்து இறங்கி ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண். வாத்தியார் அடிக்கடி வராத பள்ளியில் படித்ததால் தன் பெயரைத் தவிர எதையும் எழுதத் தெரியாதவள். விடுதிக் குளியலறையில் ஒளிந்துகொண்டு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவள். நீ அழுதுகொண்டே எனக்கு மட்டும் சொன்னது. பெயரைச் சொல்லவில்லை என்று பெரிய நியாயம் வேறு எனக்கு! எதிரே உன் விடுதிப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொரு தலையாக உன் பக்கம் திரும்பியது. நடுவர் பேனாவை எடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான்.

எதிர் அணிப் பெண் எழுந்தாள். நான் கையமர்த்தியிருக்கலாம். மிதப்பில் கேள்வியை ஏற்றேன்.

"அந்தப் பொண்ணு கதைய இத்தன பேர் முன்னாடி சொல்றீங்களே, அவங்களக் கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன். "சொல்லுன்னு சொன்னாங்க."

உட்கார்ந்தபோது நீ என்னைப் பார்க்கவில்லை. அடுத்து எழுந்த அந்தப் பெண் ஆறு நிமிடமும் அதையே பிடித்து உலுக்கினாள். கேட்டார்களாம், யார் நம்புவது என்றாள். நீ குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. "இன்னாடி பேசப்போற?" என்று கிசுகிசுத்தேன். இரண்டாம் பேச்சாளரின் முதல் வேலை, முதல் பேச்சாளர் சொன்னதில் அடிபட்டதைத் தூக்கி நிறுத்துவது. சொந்த அணியை மறுத்துப் பேசுவதைப் போன்ற குற்றம் வேறில்லை. தாளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் என் பொய்யைத் தூக்கி நிறுத்த உனக்கு என்ன தலையெழுத்து? "என்னைக் கேக்கல" என்ற இரண்டு வார்த்தை போதும், நான் அங்கேயே செத்திருப்பேன்.

நீ எழுந்தாய்.

"அந்தப் பொண்ணு நான்தாங்க. என்னைக் கேட்டுட்டுதான் சொன்னாங்க. நான்தான் சொல்லச் சொன்னேன்."

அதற்கப்புறம் நீ பேசியதுதான் பேச்சு. அவர்கள் இரண்டு தடவை எழுந்தார்கள். நீ கையை மட்டும் காட்டிவிட்டுத் தொடர்ந்தாய். நாம் ஜெயித்தோம்.

அன்று நீ ஊருக்குப் போகிற நாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாய். வெள்ளிமலை பஸ் வந்து நின்றதும் திரும்பிச் சொன்னாய். "கேட்டிருந்தா சொல்லுன்னுதான்டி சொல்லியிருப்பேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"அதான் ஜெயிச்சிட்டோமே" என்றேன். பாவி நான், அதைத்தான் சொன்னேன்.

நீ சண்டை போடவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்தாய், சாப்பாட்டைப் பங்கிட்டாய், சிரித்தாய். ஆனால் அன்றிலிருந்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. நீ காதலித்தவன் பெயரை உன் கல்யாணப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். போன வருடம் காய்ச்சலில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய். எல்லாம் முடிந்த பிறகு வேறு யாரோ போனில் சொன்னார்கள். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அழுது என்ன?

நீ இருந்தபோது மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை போனை எடுத்துவிட்டுக் கீழே வைத்திருக்கிறேன். பேசிப் பேசியே பரிசு வாங்கியவளுக்கு அந்த ஒரு பேச்சு வரவில்லை. இன்று பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு வந்து, இதோ, மறுபடியும் உன் குளியலறையையும் உன் புத்தகத்தையும் ஊரறிய எழுதி வைத்திருக்கிறேன். இப்போதும் உன்னைக் கேட்கவில்லை. யாராவது எழுந்து கேட்டால், கேட்கவில்லை என்றுதான் சொல்வேன்.