கடைசி நிமிடத்தில் நின்றுவிட்டவளுக்கு

நாமக்கல்லில் பஸ் மாறும்போது டயர் ரீட்ரெடிங் பட்டறைகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. தேய்ந்த லாரி டயரில் புது ரப்பரை ஒட்டிச் சூடேற்றும் வாசனை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். நாம் கூடைப்பந்து ஆடிய சிமெண்டுக் கோர்ட் அப்படி ஒரு பட்டறையின் பின்சுவரை ஒட்டித்தானே இருந்தது! இன்று காலையும் அந்த வாசனை வந்தது. கூடவே உன் முகமும் வந்தது. தீவன மில்லுக்குப் போய்ச் சேரும்வரை உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். நீ செத்து எட்டு மாதம் ஆகிறது. செத்தவளோடு சண்டை போடுவதில் ஒரே வசதி, குறுக்கே பேச மாட்டாய். இருந்தவரை நீதான் பேசினாய்.

உன்னைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மனம் வராது. பந்து கையில் இல்லாதபோது உன்னைப் போல் ஓடியவளை நான் பார்த்ததில்லை. வலப்பக்கம் இரண்டடி சோம்பலாக நடப்பாய். உன்னைக் காக்கிறவள் கொஞ்சம் மூச்சு விடுவாள். அந்த மூச்சுக்குள் வெட்டித் திரும்பி ரிங்குக்குக் கீழே நிற்பாய். நான் பார்க்காமலே அங்கே பாஸ் போடுவேன். பந்து போய்ச் சேரும்போது உன் கை அங்கே இருக்கும். பதினெட்டு வயதில் அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் பந்து எதிரணிக்குப் போனதும் நீ வேறு ஆள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுக்கோட்டில் நிற்பாய். எதிரணியில் ஆளுக்கு ஒருத்தியை நாம் மறிக்க வேண்டும்; உன் ஆளையும் என் ஆளையும் சேர்த்து நான் பார்த்துக்கொள்வேன். "ஏம்புள்ள சாந்தி, நீதான் இருக்கியே" என்பாய். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட முட்டாள் நான்.

அந்த இறுதி ஆட்டத்தை நான் ஆயிரம் முறை மனதில் ஆடிவிட்டேன். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்த ஒருவர் பரிசு வைத்து நடத்திய போட்டி. கல்யாண வீட்டுக்கு வீடியோ எடுப்பவரைக் கூட்டிவந்து படம் பிடிக்க வைத்திருந்தார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரே ஒரு அரசு வேலை காலியாக இருந்தது. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கிறவர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நம் அணியில் அந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் நீயும் நானும்தான். இது நமக்கும் தெரியும், பார்க்க வந்தவர்களுக்கும் தெரியும்.

ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். கடைசி நிமிடம். நீ போட்ட பந்து ரிங்கில் பட்டு வெளியே வந்தது. எதிரணியினர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு என் நினைவில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு நெட்டைப் பெண் எனக்கு முன்னால் எழும்புகிறாள், நான் ஒரு கை நீளம் பிந்திவிட்டேன், வழுக்கி விழுகிறேன், பந்து வலைக்குள் இறங்குகிறது, விசில். சிமெண்டில் தேய்ந்த முழங்கையில் ரத்தம். பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்தது என்னை. பந்து போட்டவளுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தவள் நான்தானே!

கைப்பம்பில் முழங்கையைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது நாற்காலிக்காரர் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "கடைசில யாரும்மா கோட்ட விட்டது?"

"சாந்தியோட ஆளுங்க சார் அது. விட்டுட்டா" என்றாய். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

வேலை உனக்குக் கிடைத்தது. எனக்குத் தீவன மில்லில் மூட்டை சாம்பிள் எடுத்து ஈரப்பதம் பார்க்கிற வேலை. இன்றும் அதே மில், அதே வேலை. சம்பளத்தைப் பற்றியோ பென்ஷனைப் பற்றியோ நான் பேசவரவில்லை. நீ எடுத்துக்கொண்டது வேறு ஒன்று. அன்று நான் ஏன் மறுத்துப் பேசவில்லை என்று யோசித்திருக்கிறாயா? நீ சொன்னதை நானே நம்பிவிட்டேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னாய். என் ஆள்தான் போலிருக்கிறது, நான்தான் விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஞாபகத்தையே மாற்றிவிட்டாய்.

அதற்குப் பிறகும் உன் வீட்டுக்கு வந்துபோனேன் பார், அதை நினைத்தால்தான் என் மேலும் கோபம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் அமெரிக்க ஆட்டம் ஓடும். பழைய ஆட்டக்காரர்கள் பெரியவர்களா, இன்றைக்கு ஆடுகிறவர்கள் பெரியவர்களா என்று நீ தொடங்குவாய். "அப்பெல்லாம் இடுப்புல கைய வெச்சுத் தள்ளுவாங்க. அத மீறிப் போட்டவந்தான் ஆட்டக்காரன். இப்ப தொட்டாலே விசில் ஊதறான். டிஃபன்ஸே இல்ல" என்பாய்.

இன்றைக்கு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து எல்லோரும் போடுகிறார்கள், காக்கிறவன் அங்கே ஓடி மறித்துவிட்டு மறுபடி ரிங்குக்கு ஓடிவர வேண்டும், கையால் தள்ளும் வேலை குறைந்து காலுக்கு வேலை கூடியிருக்கிறது என்று நான் சொல்வேன். உன் வீட்டுக்காரர், அவருடைய தம்பி, பக்கத்து வீட்டார் எல்லோரும் இருப்பார்கள். நீ சிரித்துக்கொண்டே சொல்வாய்: "டிஃபன்ஸப் பத்தி நீ பேசறியாக்கும்?"

அவர்களும் சிரிப்பார்கள். எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். நீதான் சொல்லி வைத்திருந்தாயே.

உன் மகள் நிவேதா விளையாட்டு அறிவியல் படிக்கப் போனது உனக்குப் பெருமை. வீரர்கள் ஆட்டத்தில் எவ்வளவு தூரம் நகர்கிறார்கள், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறார்கள் என்று கணக்கிடுவதுதான் அவளுடைய படிப்பு. உன் பீரோவில் கிடந்த அந்த இறுதி ஆட்டத்து வீடியோ கேசட்டை எடுத்துச் சேலத்தில் கொடுத்துக் கணினிக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். உன் ஆட்டத்தையும், பனமரத்துப்பட்டியில் இருந்து இப்போது மாநில அணிக்கு ஆடுகிற பெண்ணின் ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அவள் திட்டம். அம்மாதான் பெரியவள் என்று நிரூபிக்கிற ஆசை அவளுக்கு. நீயும் தடுக்கவில்லை. அந்தக் கேசட்டை நீ ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது; பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டாய்.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வந்து கொண்டிருந்தாய். சோபாவில் சாய்ந்திருந்தாய். நிவேதா மடிக்கணினியை ஸ்டூல் மேல் வைத்தாள். ஒவ்வொரு நொடியாக நிறுத்தி நம் கால்கள் இருந்த இடத்தை அவளே கையால் குறித்திருந்தாள். உனக்குச் சிவப்புக் கோடு. எனக்கு நீலம்.

"பாருங்க சித்தி, அம்மா வெட்டி ஓடறதப் பாருங்க! இந்த அளவுக்கு அந்தப் பனமரத்துப்பட்டி அக்காகூட ஓடறதில்ல" என்றாள். உண்மைதான். சிவப்புக் கோடு அரிவாள் மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. நீ சிரித்தாய். "அவங்க ஓடறது சும்மா கண்ணு. ஆளுக்கொரு எடத்தப் புடிச்சு ஜோன்ல நின்னுக்கிட்டுக் கையத் தூக்கறாங்க. நாங்க ஆளுக்கு ஆளு ஒட்டிக்கிட்டு ஆடுனோம்."

"அதனாலதாம்மா தூரத்த மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆளு ஆடுனாத் தொரத்தி ஓடோணும், தூரம் தானா ஏறும். ஜோன்ல நாலடி சரியா நகந்தாப் போதும். அதான் வேற ஒண்ணு பாத்தேன். பந்து கைவிட்டுப் போனதும் எவ்வளவு நேரத்துல திரும்பறாங்க, திரும்பி ஓடி வாராங்களான்னு."

கெட்டிக்காரி. நாம் அத்தனை ஞாயிற்றுக்கிழமை கத்தியும் கண்டுபிடிக்காததை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள். என் நீலக் கோடு உன்னுடையதைவிட நீளமாக இருந்தது. அதில் எனக்குப் பெருமை இல்லை. இடத்தைத் தவறவிட்டுப் பிந்தி ஓடுகிறவளுக்கும் கோடு நீளும். ஆனால் இந்தக் கணக்கு வேறு. பந்து போனதும் பனமரத்துப்பட்டிப் பெண் அந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறாள். கத்திக்கொண்டே ஓடிவருகிறாள். உன் சிவப்புப் புள்ளி ஒவ்வொரு முறையும் நின்றது. நிவேதாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது.

பிறகு கடைசி நிமிடம். உன் பந்து வெளியே வந்தது. சிவப்புப் புள்ளி நடுக்கோட்டில் நின்றுவிட்டது. படத்தில் நீ முழங்காலில் கை ஊன்றிக் குனிந்திருந்தாய். நீ காக்க வேண்டிய அந்த நெட்டைப் பெண் தனியாக ஓடினாள். என் ஆள் இடது ஓரத்தில் இருந்தாள், நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். அவளை விட்டுவிட்டுக் கோர்ட்டின் குறுக்கே உன் ஆளைப் பிடிக்க ஓடினேன். ஒரு கை நீளம் எட்டவில்லை.

முப்பது வருடம்!

"அம்மா, அந்த நெட்டை அக்கா உங்க ஆளுதான?" என்று நிவேதா கேட்டாள்.

நீ என்னைப் பார்த்தாய். நிதானமாகச் சொன்னாய்: "இல்ல கண்ணு. அந்தத் தடவ ஆள மாத்திக்கிட்டோம். அது சித்தியோட ஆளு."

நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாய்.

டீ போடச் சொல்லி அவளை உள்ளே அனுப்பினாய். நான் கேட்டேன். "உனக்குத் தெரியும்ல?"

"அன்னைக்கே தெரியும்புள்ள." உன் குரலில் வெட்கம்கூட இல்லை. களைப்புதான் இருந்தது. "அப்பாவுக்கு லாரி ஆக்ஸிடென்ட் ஆயி எங்கூட்டுல என்ன நெலமைன்னு உனக்குத் தெரியாதா? ஒரு வார்த்ததான் சொன்னேன்."

"எங்கூட்டுல மட்டும் என்ன வாழ்ந்துச்சு?"

"இப்பச் சொல்லி என்ன ஆகப்போவுது? அவ என்னையப் பெருசா நெனச்சுட்டிருக்கா. நா இன்னும் எத்தன நாளு? அப்படியே இருந்துட்டுப் போவட்டும் சாமி."

சாகப்போகிறேன் என்று சொல்லி என் வாயை அடைத்தாய். அன்று நாற்காலிக்காரரிடம் சொன்னதைவிட இதுதான் பெரிய அநியாயம். அன்று உனக்குப் பதினெட்டு வயது, பயம். இந்தத் தடவை ஐம்பது வயது, எல்லாம் தெரிந்தே செய்தாய். "வாரேன்" என்று எழுந்தேன். நிவேதா டீயோடு வந்தாள். குடிக்கவில்லை.

அதன்பின் நீ மூன்று முறை போன் செய்தாய். எடுக்கவில்லை. எதற்காகக் கூப்பிட்டாய்? மன்னிப்புக் கேட்கவா, வாயை மூடிக்கொண்டிரு என்று மறுபடியும் சொல்லவா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. எடுத்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். அப்படித் தோன்ற வைத்ததற்கும் உன் மேல்தான் கோபம் வருகிறது. உன் சாவுக்கு வந்தேன். வாசலில் நின்றேன். எல்லோரும் நான் அழாததைப் பார்த்துவிட்டு, அதிர்ச்சியில் இருக்கிறாள் என்றார்கள். இல்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் உன் பெயரில் பெண்களுக்கு ஒரு போட்டி வைத்தாள் நிவேதா. பள்ளிபாளையத்தில் இருந்து மேச்சேரி வரை எட்டு அணிகள் வந்தன. என்னைப் பேசக் கூப்பிட்டாள். மாட்டேன் என்றேன். "அம்மாகூட ஆடுனவங்கள்ல எனக்குத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தானுங்க சித்தி" என்றாள். போனேன்.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நீ வெட்டி ஓடியதைப் பற்றிச் சொன்னேன். பார்க்காமல் போட்ட பாஸ் உன் கையில் போய் உட்கார்ந்ததைச் சொன்னேன். அதெல்லாம் உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "ஆனா அவளுக்கு டிஃபன்ஸ் வராதுங்க. பந்து போச்சுன்னா நின்னுக்குவா. நாங்க தோத்த அந்தக் கடைசிப் பந்துல போட்டவ அவளோட ஆளு. என்ற ஆளு இல்லீங்க" என்றேன்.

கூட்டம் சிரித்தது. கை தட்டினார்கள். பழைய தோழி கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து, மைக்கில், அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. செத்த பிறகும் கூட்டம் உன் பக்கம்தான்.

நிவேதா மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டங்கள் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது பக்கத்தில் வந்தாள்.

"எனக்குத் தெரியுமுங்க சித்தி. ஆள மாத்துனா ஒருத்தர ஒருத்தர் பாக்கோணும், இல்லாட்டிக் கையக் காட்டோணும். மறுபடி மறுபடி போட்டுப் பாத்தேன். அம்மா உங்களப் பாக்கவே இல்ல. நீங்கதான் ஓடிக்கிட்டே ரெண்டு தடவ அம்மாவத் திரும்பிப் பாத்தீங்க."

எனக்கே அது தெரியாது. உன்னைத் திரும்பிப் பார்த்தேனாம். வருவாய் என்றுதான் பார்த்திருப்பேன்.

"ரிப்போர்ட்ல அப்படியே எழுதிக் குடுத்துட்டேன். நீங்க மன்னிச்..."

"நீ எதுக்குக் கேக்கற? நீ அப்பப் பொறக்கவே இல்ல" என்றேன். என்னையறியாமல் அதட்டலாக வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் நாற்காலிகளை அடுக்கினோம். பிறகு கேட்டாள். "அம்மா இப்ப ஆடுனா, இந்தக் காலத்து டீம்ல எடுப்பீங்களா சித்தி?"

"மொத ஆளா எடுப்பேன்" என்றேன். "கடைசி நிமிஷம் வெளிய உக்கார வெச்சிருவேன்."

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். உனக்காக வராத அழுகை அவளுக்காக வந்தது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் உன்னைப் போல் வெட்டி ஓடுகிற இன்னொருத்தியை, இந்த எட்டு அணிகளிலும் சரி, ஞாயிற்றுக்கிழமை டிவியிலும் சரி, நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டும் என்னிடம் இருக்கின்றன. எதையும் கீழே வைக்கப் போவதில்லை.