ஊசியைத் தூக்காதீர்கள்

டெட்ராய்ட்,
அக்டோபர் 1973

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மிசிசிப்பி வெயிலில் அலையாதீர்கள்.

நான் ஒலிப்பதிவு செய்த குழுவின் இரண்டாவது ஆல்பம் ஜெயித்துவிட்டது. முதல் ஆல்பம் விற்கவில்லை. இதுவும் சொதப்பியிருந்தால் கம்பெனி எங்கள் எல்லோரையும் கழற்றிவிட்டிருக்கும்.

ஒலிப்பதிவின் கடைசி நாளில், கடைசிப் பாட்டு முடிந்ததும் தயாரிப்பாளர் ஹாஸ்கின்ஸ், "டேப்பை நிறுத்துய்யா, தூங்குறியா?" என்று கத்தினார். நான் நிறுத்தவில்லை. பாடகி வெர்லீன் திடீரென்று கை தட்டி, "முடிஞ்சுதுன்னு எவன் சொன்னான்? அடிடா ரூஃபஸ்!" என்றாள். ரூஃபஸ் டிரம்ஸில் வெளுத்துவிட்டான். கட்டிடமே ஆடியது. கேட்டுவிட்டு ஹாஸ்கின்ஸ், "இதாண்டா ஆல்பத்தோட முதல் பாட்டு!" என்றார். கம்பெனியும் ஒத்துக்கொண்டது.

இங்கே ஞாயிற்றுக்கிழமைதான் நகரமாட்டேன் என்கிறது. உங்கள் பேரிக்காய் ஜாம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். ஆல்பத்தின் இசைத்தட்டை இத்துடன் அனுப்புகிறேன். ரெக்கார்ட் பிளேயருக்குப் புது ஊசி வாங்கிவிடுங்கள், பழையது இசைத்தட்டைக் கீறிவிடும்.

ரூஃபஸ் வாசலில் ஹார்ன் அடிக்கிறான், கிளம்புகிறேன். ஒன்று மட்டும். முதல் பாட்டு நடுவில் நின்றது போலிருக்கும்; ஊசியைத் தூக்கிவிடாதீர்கள். சர்ச்சில் பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு கை தட்டி மறுபடி பாட்டைக் கிளப்புவது நீங்கள்தானே? அதனால்தான் நான் டேப்பை நிறுத்தவில்லை.

உங்கள்
லூஷியஸ்